சாமி கிள்ளிய உதடு

முத்துக்கருப்பனின் கீழுதட்டில் இரண்டு குழிகள் உண்டு. பக்கத்துக்கு ஒன்று, ஒரு கடுகைப் போட்டால் தங்கிவிடும் அளவுக்கு. வலியும் கிடையாது, வியாதியும் கிடையாது. எப்போதாவது அதில் லேசாக ஈரம் கசியும், கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வான். மதுரைக்கும் சோழவந்தானுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். விசில் ஊதி ஊதி ஈரம் கூடிவிட்டால் டிரைவர் கண்ணுச்சாமி கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். "என்ன மாப்ள, புரோட்டாக் கடைய எங்கயும் பாத்தியா? வாய் இப்புடி ஊறுது?"

முத்துக்கருப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான். அந்தக் குழிகள் மேல் அவனுக்கு அத்தனை பெருமை. அவன் அப்பாவுக்கும் இருந்தது. பெரியப்பா மலையாண்டிக்கு ஒற்றைக் குழி. அந்த வீட்டாருக்கு அதற்கு ஒரு கதையும் இருந்தது. ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருந்ததாம், குலசாமி இறங்கி வந்து 'அழாதே' என்று உதட்டைக் கிள்ளியதாம். அன்றிலிருந்து அது 'சாமி கிள்ளு'. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்று பார்த்த கையோடு கீழுதட்டையும் மடித்துப் பார்ப்பார்கள். கிள்ளு இருந்தால் சேவல் அறுத்து விருந்து. இல்லாவிட்டால் கல்கண்டு.

இந்தப் பெருமையெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதாம் வருசம் மாசி மாதத்தில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. மதியத்துக்கு மேலே மதுரை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. பஸ்ஸில் ஏற ஆள் இல்லை. முதலாளி வண்டியை ஷெட்டில் விடச் சொல்லிவிட்டார். முத்துக்கருப்பன் விளாங்குடியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றாகிவிட்டது. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் மனைவி மாயக்காள் சுவரோரம் படுத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருசம். இரண்டு மாதமாக நாள் தள்ளியிருந்தது. இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய அக்கா ராக்கம்மாள் காலையிலேயே வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கத்தியைத் தொடாதே, அரிவாள்மனையைத் தொடாதே, ஊசியைக்கூடத் தொடாதே, கிரகணம் விடுகிறவரை அசையாமல் படு என்று.

அவனுக்கோ பசி. சட்டியில் பழைய சோறு இருந்தது.

"கடிச்சுக்க என்ன புள்ள இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமா. மதினி எதையும் நறுக்கக் கூடாதுன்னுட்டாக. கிரகணம் விடட்டும், வச்சுத் தாரேன்."

"அதுவரைக்கும் என் உசுரு போயிரும். ரெண்டு வெங்காயத்த நறுக்குனா என்ன கொறஞ்சிறப்போவுது? எந்திரி."

"வேணாம் மாமா..."

"எந்திரிங்கிறேன்ல!"

வெங்காயத்தை முழுசாகவே கடித்திருக்கலாம். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கடிக்கிறார்கள். துரைக்கு நறுக்கி வேண்டியிருந்தது. மாயக்காள் எழுந்து அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வெங்காயம், நாலு நாலு கீற்று. அவன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டான். சாயங்காலம் ராக்கம்மாள் வந்தபோது அடுப்படியில் வெங்காயத் தோல் கிடந்தது. பார்த்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு இடது மூக்குத் துளை வரைக்கும் பிளந்திருந்தது. குழந்தை வாயைத் திறந்து அழும்போது மேல் அண்ணமும் சேர்ந்தில்லை என்பது தெரிந்தது. ராக்கம்மாள் பழக்கத்தில் கீழுதட்டை மடித்துப் பார்த்தாள். குழி இல்லை.

"சாமி கிள்ளல. கிரகணம் கடிச்சிருச்சு" என்றாள். பிறகு மாயக்காளைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். "அன்னைக்கு அடுப்படியில வெங்காயத் தோலு கெடந்துச்சே, யாருக்குடி நறுக்குன? தலதலயா அடிச்சுக்கிட்டேன்ல?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாயக்காள் முத்துக்கருப்பனைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு தரம் பார்த்தாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். 'நான்தான் நறுக்கச் சொன்னேன்' என்று மூன்றே சொல். அவன் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். போகும்போது காது இரண்டும் சுட்டது.

குழந்தைக்கு ஜெயக்கொடி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையால் முலையில் உறிஞ்சிக் குடிக்க முடியவில்லை. மாயக்காள் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றுவாள். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முத்துக்கருப்பன் அந்த நேரங்களில் வீட்டில் இருப்பதைத் தவிர்த்தான். கூடுதல் டிரிப் கேட்டு வாங்கிக்கொண்டான். கண்ணுச்சாமிகூட, "என்ன மாப்ள, பஸ்ஸயே கட்டிக்கிட்டியா?" என்றான்.

மறு மாசியில் சிவராத்திரி வந்தது. அவர்கள் குலசாமி கோயில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு புளியந்தோப்புக்குள். சிவராத்திரி முடிந்த மறுநாள் காலையில் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பார்கள். அப்போது அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் செய்தவர் கிணற்றில் முழுகி ஈரத் துணியோடு மணிக்கு அடியில் வந்து நின்று, செய்ததை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்குக் குற்றம் செய்தாரோ அவர் கையால் திருநீறு பூசிக்கொள்ள வேண்டும். பூசிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மாயக்காளை அங்கே நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்னது ராக்கம்மாள், சரி என்று தலையாட்டியது முத்துக்கருப்பன்.

ஈரச் சேலையோடு அவள் நின்றாள். "கிரகணத்துல அருவாமனையத் தொட்டது நான்தான்" என்றாள். இரண்டாம் தரம் சொன்னாள். ஒவ்வொரு தரமும் 'மாமா சொல்லித்தான்' என்று அடுத்த சொல் வந்துவிடும் என்று முத்துக்கருப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மூன்றாம் தரமும் அவள் அதைச் சொல்லவில்லை. பூசாரியாக நின்ற பெரியப்பா மலையாண்டி, குற்றம் பிள்ளைக்கு நடந்தது என்பதால், ஐந்து மாதக் குழந்தையின் கையைப் பிடித்துத் திருநீற்றில் தொட்டு அம்மாவின் நெற்றியில் தடவினார். விரலைக்கூட விரிக்கத் தெரியாத பிள்ளை. தாய் நெற்றியில் அது கோடாக விழவில்லை, திட்டாக அப்பிக்கொண்டது. பொங்கலை எல்லோரும் சாப்பிட்டார்கள். முத்துக்கருப்பனும் சாப்பிட்டான். வெட்கங்கெட்ட வயிறு, அன்றைக்கும் பசித்தது.

இதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உதட்டைத் தைக்கலாம், இலவசமாகவே செய்கிறார்கள் என்று பஸ்ஸில் வந்த ஒரு நர்ஸ் சொல்லியிருந்தாள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். இப்போது உதடு, ஒன்றரை வயதில் அண்ணம், இரண்டு ஆபரேஷன் என்றார். பேச்சு கொஞ்சம் மூக்கால் வரலாம் என்றும் சொன்னார். எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் முத்துக்கருப்பன் கைக்குட்டையால் வாயை ஒற்றுவதைக் கண்டார். பேனாவை வைத்துவிட்டார்.

"கையை எடுங்க. அது என்ன உதட்டுல?"

"அது ஒண்ணும் இல்லங்கம்மா, எங்க குலத்துக் குறி. சாமி கிள்ளு" என்றான், பெருமையாகத்தான்.

டார்ச் வெளிச்சம் பிள்ளையின் வாயிலிருந்து அவன் வாய்க்கு வந்தது. கூட நின்ற இரண்டு மாணவர்களையும் அழைத்துக் காட்டினார். முத்துக்கருப்பன் தன் உதட்டைத் தானே விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்திருந்த மாயக்காள், மடியில் பிள்ளையோடு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல வேற யாருக்கும் இந்தக் குழி இருக்கா? இப்படி உதடு பிளந்து பிறந்த பிள்ளை யாராவது?"

"குழி அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு. பிளந்து... அப்படி யாரும்..." என்று ஆரம்பித்தவனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவனுக்கு எட்டு வயதில், அத்தை முருகம்மாள் பெற்ற பிள்ளை. வாயில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை. "ஒண்ணு இருந்துச்சுங்க" என்றான்.

டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார். சில குடும்பங்களில் இது ரத்தத்தோடு வருவது. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒருத்தருக்கு உதட்டில் குழியோடு நின்றுவிடும், அவர் பிள்ளைக்கு உதடும் அண்ணமும் பிளந்து வரலாம். அடுத்த பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, குழியாகவும் வரலாம், பிளவாகவும் வரலாம், வராமலும் போகலாம்.

மாயக்காள் முதல் தரமாக வாயைத் திறந்தாள். "கிரகணத்துல வெங்காயம் நறுக்குனேங்கம்மா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க ஊர்ல இருக்குற வெங்காயத்தையெல்லாம் நறுக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது." அவன் பக்கம் திரும்பினார். "உங்க மேலயும் தப்பு இல்ல. யாரும் கேட்டு வாங்குறது இல்ல இது."

தப்பில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு ஒரு ஆண்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். இவன் என்ன செய்தான் தெரியுமா? டவுன் பஸ்ஸில் மாயக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "டாக்டரம்மா சொன்னத வீட்ல சொல்ல வேணாம்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னய நிப்பாட்டியாச்சு. இப்பப் போயி என் உதட்டுனாலதான்னா... என்னாண்டு சொல்றது? கிள்ளுக்குச் சேவல் அறுத்த வீடு புள்ள அது."

"சரி" என்றாள் மாயக்காள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, "இவ பெருசாகிக் கேட்டா?" என்றாள்.

"பெறகு பாத்துக்கிருவோம்."

பிறகு, பிறகு என்று மூன்று வருசம் போனது. ஜெயக்கொடிக்கு இரண்டு ஆபரேஷனும் நடந்தது. மேலுதட்டில் ஒரு தழும்பும், மூக்கால் வரும் பேச்சுமாக, ஆனால் துறுதுறுவென்று வளர்ந்தாள். எண்பத்து நாலில் மாயக்காள் மறுபடி உண்டானாள். அந்தப் பத்து மாதமும் முத்துக்கருப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக்குப் பாதி என்ற சொல் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் காதில் கேட்டது. பையன் பிறந்தான். பிளவு இல்லை. கீழுதட்டில் இரண்டு குழி, அச்சு அசல் அப்பனைப் போல.

வீடு அமளிப்பட்டது. சேவல் அறுத்தார்கள். சோணை என்று பெயர் வைத்தார்கள். ராக்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "இந்தத் தடவ ஒழுங்கா இருந்தாள்ல, அதான் சாமி கிள்ளிட்டாரு" என்று மாயக்காள் காதுபடவே சொன்னாள். மாயக்காள் குழம்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முத்துக்கருப்பன் இலையில் விழுந்த சேவல் காலைப் பிசைந்துகொண்டே இருந்தான். தன் மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் அறுபது பேருக்குக் கேட்கிற மாதிரி 'ரைட்' சொல்கிற வாய்!

எண்பத்தஞ்சில் ஜெயக்கொடியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அடுத்த தை மாதம் ஒரு சாயங்காலம். முத்துக்கருப்பன் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். மாயக்காள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஜெயக்கொடி பள்ளிப் பையை வைத்துவிட்டு வந்தவள் அம்மாவிடம் போகாமல் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நாளாகவே அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்தால் பக்கத்தில் போகாது. அவனுக்கு அது கண்ணில் பட்டிருந்தது, ஏன் என்று கேட்கத்தான் பயம்.

"ஏம்மா, அதாலதான் என் வாய வெட்டுனியா?"

மாயக்காளின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். ராக்கம்மா அத்த சொல்லுச்சு, பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற புள்ளையும் சொன்னா. நான் வயித்துக்குள்ள இருக்கும்போது நீ வெட்டிட்டியாம்ல. ஏம்மா வெட்டுன? நான் என்ன பண்ணேன்?"

மூக்கால் வந்த அந்தக் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. மாயக்காள் தலையைக் குனிந்து கத்தரிக்காயைப் பார்த்தாள். முத்துக்கருப்பன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தரம் பார்த்ததோடு சரி. இனி அவனை எதிர்பார்ப்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள் போல. அந்த நினைப்போடு முத்துக்கருப்பன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். பிள்ளையிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அழுகைதான் வந்தது. கொல்லைப் பக்கம் போய் வாளித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நின்றான். இந்த அவமானத்தோடு இன்னும் ஒரு வருசம் ஓட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளை நிறுத்திய இடத்திலேயே போய் நின்றால்தான் உண்டு.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் புளியந்தோப்பில் பொங்கல் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. முத்துக்கருப்பன் யாரிடமும் சொல்லாமல் கிணற்றில் இறங்கி முழுகிவிட்டு, வேட்டி சொட்டச் சொட்ட வந்து மணிக்கு அடியில் நின்றான்.

"என்னடா முத்து, உனக்கு என்ன நேத்திக்கடன்?" என்றாள் ராக்கம்மாள்.

அவன் மணியை அடித்தான். எல்லோரும் திரும்பினார்கள்.

"வெங்காயம் நறுக்கச் சொன்னது நான். அவ மாட்டேன்னா. நான்தான் அதட்டி எந்திரிக்க வச்சேன்" என்றான். இது ஒன்று.

"பிள்ளை வாய்க்கு வெங்காயமும் காரணம் இல்ல, கிரகணமும் காரணம் இல்ல. என் உதட்டுல இருக்குற குழிதான் அவளுக்குப் பிளவா வந்துச்சு. டாக்டரம்மா சொல்லி அஞ்சு வருசமாச்சு." இது இரண்டு.

"அத வெளிய சொல்லாதன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னதும் நான்தான்."

ஒரே சொல்லை மூன்று தரம் சொல்வதுதான் வழக்கம். இவனுக்கு மூன்றும் வேறு வேறாக இருந்தது.

"ஏய், சாமி கிள்ளுனத நோவுங்கிறியா?" ராக்கம்மாள் கத்தினாள். "பொண்டாட்டி சொல்லிக் குடுத்ததப் பேசுறான் பாரு!"

மலையாண்டி தன் கீழுதட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "ராக்கு, சும்மா இரு" என்றார். "எந் தங்கச்சி முருகம்மா பெத்தது இப்படித்தான் மூணு நாள்ல போச்சு. அன்னைக்கு எந்தக் கிரகணம் புடிச்சுச்சு?" ராக்கம்மாள் பொங்கல் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முத்துக்கருப்பன் மாயக்காள் முன்னால் போய்த் தலையைக் குனிந்தான். மலையாண்டி திருநீற்றுத் தட்டை நீட்டினார். மாயக்காள் இடுப்பில் சோணையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அன்னைக்கு எனக்குப் பூசுனது இவ கைதான்" என்றாள், தள்ளி நின்ற ஜெயக்கொடியைக் காட்டி. "இவகிட்டச் சொல்லுங்க, மாமா."

முத்துக்கருப்பன் ஜெயக்கொடிக்கு எதிரில் ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கீழுதட்டை மடித்துக் காட்டினான். "இது தெரியுதாத்தா? இதுதான் உனக்கு அப்படி வந்துச்சு. அம்மா உன்னய வெட்டல. அம்மா ஒண்ணுமே செய்யல."

பிள்ளை குனிந்து ஒரு குழியை விரலால் தொட்டுப் பார்த்தது. "அம்மா வெட்டலயா?"

"இல்லத்தா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏம்ப்பா சொல்லல?"

அவன் யோசித்துப் பார்த்தான். "வெக்கமா இருந்துச்சுத்தா" என்றான்.

மலையாண்டி தட்டைப் பிள்ளையின் முன்னால் தாழ்த்தினார். "பூசி விடு தாயி, அப்பனுக்கு." ஜெயக்கொடி மூன்று விரலால் திருநீற்றை அள்ளினாள். அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அள்ளியதைத் தட்டிலேயே கொட்டிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் பூசுறேன்" என்றாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாயக்காள் சிரிக்கவில்லை, பிள்ளையைத் திட்டவும் இல்லை. ஜெயக்கொடி போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாள் தள்ளியே நின்ற பிள்ளை. மாயக்காள் சோணையைக் கீழே இறக்கிவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஐந்து வயசுப் பிள்ளையின் கால்கள் அம்மாவின் முழங்கால் வரைக்கும் தொங்கின.

முத்துக்கருப்பன் எழுந்து ஈர வேட்டியைப் பிழிந்தான். அந்த வருசம் முழுக்க அவன் நெற்றியில் திருநீறு வைக்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிற தெரிந்தவர்கள் ஏன் என்று கேட்டபோதெல்லாம், மகள் இன்னும் பூசிவிடவில்லை என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னான்.